காதடைப்பான் மூன்று வகை: கிருஷ்ணகிரி கல் பட்டறைக்கு எது தேறும்?

பர்கூர், கிருஷ்ணகிரி பக்கம் கிரானைட் பட்டறை நடத்துபவர்கள் காதடைப்பான் வாங்காமல் இல்லை. அலமாரியில் பெட்டி இருக்கும், ஆடிட் அன்று எல்லோர் காதிலும் இருக்கும், மறுநாள் பாதிப் பேர் கழுத்தில் தொங்கும். அதனால் இந்த மதிப்பீட்டில் பெட்டியின் மேல் அச்சிட்ட எண்ணுக்கு இரண்டாம் இடம்தான். ஈரக் கை, கல் சேறு, மாஸ்க் வார், தலைத்துண்டு, சித்திரை வெயில் இத்தனைக்கும் நடுவே ஷிப்ட் முடியும்வரை அந்தப் பொருள் காதில் நிற்குமா என்பதுதான் முதல் கேள்வி.

எடுத்துக்கொண்ட மாடல்கள் மூன்று. சுருட்டிச் செருகும் நுரை வகைக்கு 3எம் 1110. மூன்றடுக்கு ரப்பர் குடை வைத்த, கழுவிப் பயன்படுத்தும் வகைக்கு 3எம் அல்ட்ராஃபிட். காதை முழுதாக மூடும் இயர் மஃப் வகைக்கு 3எம் பெல்டார் எக்ஸ்4ஏ. ஒரே கம்பெனியாக எடுத்ததற்குக் காரணம், பிராண்டை விட்டுவிட்டு வகையை ஒப்பிட வேண்டும் என்பதுதான். வேறு கம்பெனியில் இதே வகையை வாங்கினாலும் கீழே உள்ளதில் பெரும்பகுதி பொருந்தும்.

முதலில் சத்தம். குவாரியில் ஜாக்ஹேமர் பிடிப்பவர் காதருகே 100 முதல் 115 டெசிபல் வரை போகும். கல்லில் ஓடும் கை கிரைண்டர் 95 முதல் 105. பிளாக் கட்டர் ஓடும் கூடத்தில் 90க்குக் கீழே இறங்குவது அபூர்வம். நம் தொழிற்சாலை விதிகள் 8 மணி நேரத்துக்கு 90 டெசிபல் என்று வரம்பு வைக்கின்றன. 5 டெசிபல் ஏற ஏற நேரம் பாதியாகும். 95க்கு 4 மணி, 100க்கு 2 மணி, 105க்கு 1 மணி, 115க்குக் கால் மணி. அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியாஷ் இன்னும் கறார்: 85 டெசிபல்தான் 8 மணி நேர எல்லை, 3 டெசிபல் ஏறினாலே நேரம் பாதி. காதின் பக்கம் நின்று பார்த்தால் நியாஷ் கணக்கைப் பிடிப்பதுதான் உத்தமம். மீட்டர் இல்லாவிட்டால், ஒரு கை தூரத்தில் நிற்பவரிடம் கத்திப் பேச வேண்டியிருக்கிறதா என்று பாருங்கள். கத்த வேண்டியிருந்தால் அந்த இடம் 85ஐத் தாண்டிவிட்டது. ஐபோன் இருந்தால் நியாஷ் வெளியிட்டிருக்கும் இலவச ஒலியளவுச் செயலி ஓரளவு நம்பத்தக்கது. ஆண்ட்ராய்டில் கிடைக்கும் செயலிகள் மாடலுக்கு மாடல் மாறிக் காட்டும். அதை வைத்து எதையும் வாங்காதீர்கள்.

பெட்டி எண்ணை எப்படிப் படிப்பது

எத்தனை டெசிபல் தடுக்கும் என்பதற்கு அமெரிக்க முறையில் என்ஆர்ஆர், ஐரோப்பிய முறையில் எஸ்என்ஆர் என்று இரண்டு எண்கள் இருக்கும். 1110க்கு என்ஆர்ஆர் 29, எஸ்என்ஆர் 37. அல்ட்ராஃபிட்டுக்கு 25, 32. எக்ஸ்4ஏவுக்கு 27, 33. விற்பனையாளர் பெரிய எண்ணைத்தான் சொல்வார், அது எஸ்என்ஆர். இரண்டு பொருள்களை ஒப்பிடும்போது ஒன்றுக்கு என்ஆர்ஆரும் இன்னொன்றுக்கு எஸ்என்ஆரும் எடுத்துவிட்டால் கணக்கே கோணலாகிவிடும்.

இந்த எண்கள் ஆய்வகத்தில், பழக்கியவர் சரியாகப் பொருத்திய காதில் எடுத்தவை. பட்டறையில் அவ்வளவு கிடைக்காது. அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு அமைப்பான ஓஷாவின் கணக்கு: என்ஆர்ஆரிலிருந்து 7ஐக் கழித்து, மீதியைப் பாதியாக்கு. 29 என்பது 11 ஆகிவிடும், 27 என்பது 10, 25 என்பது 9. ஆக, 98 டெசிபல் கிரைண்டருக்கு எதைப் போட்டாலும் காதுக்குள் 87 முதல் 89 வரை போகிறது என்று வைத்துக்கொள்வதுதான் பத்திரம். மூன்றுக்கும் நடுவே வித்தியாசம் 2 டெசிபல். அதற்காக நுரைதான் உசத்தி என்று முடிவெடுக்க ஒன்றுமில்லை.

போட்டிருக்கும் நேரத்தில்தான் பெரிய ஓட்டை விழுகிறது. 30 டெசிபல் தடுக்கும் ஒன்றை 8 மணி நேர ஷிப்டில் வெறும் அரை மணி கழற்றி வைத்தால், 3 டெசிபல் கணக்கில் அன்று முழுதும் கிடைத்த பாதுகாப்பு 12 டெசிபலுக்கு விழுந்துவிடும். கால் மணி கழற்றினால் சுமார் 15. பாதி ஷிப்ட் கழற்றினால் 3. பேசுவதற்கு ஒரு தடவை, போன் வந்தால் ஒரு தடவை, வியர்த்தால் ஒரு தடவை என்று கழற்றினாலே அரை மணி ஆகிவிடும். ஆகவே மதிப்பெண் போடும்போது, எதற்காகக் கழற்றுகிறார்கள் என்பதையே ஒவ்வொரு மாடலிலும் தேட வேண்டியிருக்கிறது.

3எம் 1110, நுரை

விலையில் ஈடு இல்லை. பெட்டியாக எடுத்தால் ஒரு ஜோடி கிட்டத்தட்ட டீக் காசு. மென்மையானது, கயிறு உண்டு, சின்னக் காதுத் துளைக்கும் பெரிய துளைக்கும் விரிந்துகொடுக்கும். சரியாகச் செருகினால் மூன்றிலும் இதற்குத்தான் அடைப்பு அதிகம்.

அந்தச் ‘சரியாக’ என்பதில்தான் வினை. விரல்களுக்கு நடுவே மடிப்பு விழாமல் மெல்லிய குச்சியாக உருட்ட வேண்டும். மறு கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுவந்து காது மடலை மேலும் பின்னும் இழுத்துப் பிடிக்க வேண்டும்; இல்லாவிட்டால் காதுத் துளையின் வளைவு நேராகாது. உள்ளே விட்டு 20, 30 விநாடி விரலால் தாங்க வேண்டும், அது விரிந்து உட்காரும்வரை. நம்மவர்கள் இரண்டு விரலால் ஒரு நசுக்கு நசுக்கி, வாசலில் வைத்து அழுத்திவிட்டு வேலைக்குப் போய்விடுகிறார்கள். நேர் எதிரே நின்று முகத்தைப் பார்த்தால் ஆரஞ்சு நுரை காதுக்கு வெளியே துருத்திக்கொண்டு தெரியும். அப்படித் தெரிந்தால் அது பாதிகூட அடைக்கவில்லை என்று அர்த்தம்.

கல் பட்டறையில் இதற்கு இன்னொரு எதிரி சேறு. பாலிஷ் தண்ணீரோடு கலந்த கல் மாவு எப்போதும் விரலில் இருக்கும். அந்தக் கையால் உருட்டினால் மாவு நுரையில் ஏறி, காதுத் துளைக்குள் உரசும். இரண்டு மூன்று நாளில் எரிச்சல், பிறகு அரிப்பு, வெயில் காலத்தில் காதுப் பூஞ்சை. அப்புறம் ‘இது ஒத்துக்கலைங்க’ என்று ஒரேயடியாகத் தூக்கிப் போட்டுவிடுவார்கள். சொல்வது உண்மையும்கூட. நுரையைக் கழுவித் திரும்பப் போடவும் கூடாது, விரியும் தன்மை போய்விடும். தினம் ஒரு ஜோடி கொடுக்க மனம் வராத முதலாளி இதை வாங்காமல் இருப்பதே நல்லது.

பாலிஷ் கூடத்துக்குத் தேறாது. கை சுத்தமாக இருக்கும் இடங்களில், ஷிப்ட் தொடக்கத்தில் ஒரு தடவை போட்டு உணவு இடைவேளையில் கழற்றும் வேலைக்கு, இதைவிட மலிவான நல்ல பொருள் இல்லை. ஓசூர் பிரஸ் ஷாப்புக்குத் தாராளமாகச் சொல்லலாம்.

3எம் அல்ட்ராஃபிட், ரப்பர் குடை

மஞ்சள் நிறம், ஒன்றன்பின் ஒன்றாகப் பெருக்கும் மூன்று குடைகள், பின்னால் பிடிக்க ஒரு தண்டு. உருட்ட வேண்டியதில்லை, சேறு படிந்த விரல் தண்டைத்தான் தொடும், காதுக்குள் போகும் பாகத்தைத் தொடாது. கிரானைட் பட்டறைக்கு இந்த ஒரு விஷயத்துக்காகவே இது முன்னால் நிற்கிறது. ஷிப்ட் முடிந்ததும் மிதமான சோப்புத் தண்ணீரில் கழுவி, உலரவிட்டு, டப்பாவில் போட்டு வைக்கலாம். குடை விறைத்துப்போனாலோ ஓரம் கிழிந்தாலோ மாற்றிவிட வேண்டும். மாஸ்க் வாரும் கண்ணாடிக் காம்பும் இதைத் தொந்தரவு செய்யாது. தலைத்துண்டைக் காதோடு சேர்த்துக் கட்டினாலும் சிக்கல் இல்லை.

ஆனால் நிபுணர்கள் மிகவும் சந்தேகப்படும் வகையும் இதுதான். நியாஷின் பழைய வழிகாட்டி இயர் மஃபின் என்ஆர்ஆரில் 25 சதவீதமும், நுரையில் 50 சதவீதமும், இந்த மாதிரி வார்த்த பிளக்கில் 70 சதவீதமும் கழிக்கச் சொன்னது. காரணம் அளவு. ஒரே அளவில் வருவதால் துளை சின்னதாக உள்ளவருக்கு மூன்றாவது குடை உள்ளே போகாமல் வலிக்கும். துளை பெரிதாக உள்ளவருக்குத் தாடை அசைந்ததும் தளரும். வெற்றிலை பாக்கு, குட்கா மெல்லுபவர்களுக்கு இது அடிக்கடி வெளியே நழுவுவதைப் பார்க்கலாம். மெல்லும்போது காதுத் துளையின் வடிவமே மாறுகிறது.

ஆகவே மொத்தமாக வாங்கி விநியோகித்துவிட்டுக் கையெழுத்து வாங்கும் பொருள் இல்லை இது. ஒவ்வொருவருக்கும் போட்டுப் பார்க்க வேண்டும். மெஷின் ஓடும்போதே பிளக்கைப் போட்டுக்கொண்டு, இரு உள்ளங்கைகளையும் காதின் மேல் இறுக்கிப் பொத்தி, எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பொத்தும்போது சத்தம் நன்றாகக் குறைந்தால் பிளக் அடைக்கவில்லை. ஏறக்குறைய ஒரே மாதிரி இருந்தால் சரியாக உட்கார்ந்திருக்கிறது. இன்னொரு அடையாளம், தன் குரல் தனக்கே குடத்துக்குள் பேசுவதுபோல் கனமாகக் கேட்கும். புதிதாகப் போடுபவர் அதைக் குறை என்று நினைத்துக் கொஞ்சம் வெளியே இழுத்து விடுவார். அது நன்றாக அடைத்திருப்பதற்கான சான்று என்று முதல் நாளே சொல்லி வைத்தால் பாதித் தொல்லை தீரும். உட்காராதவருக்குப் பிடிவாதம் பிடிக்காமல் மஃப் கொடுத்துவிடுங்கள்.

கயிறு வசதிதான், பிளக் சேற்றில் விழாது. ஆனால் சுழலும் தண்டு, பெல்ட் பக்கம் குனிந்து வேலை செய்பவருக்குக் கயிறு ஆபத்து. அவருக்குக் கயிறில்லாத மாடல்.

பெல்டார் எக்ஸ்4ஏ, இயர் மஃப்

பளிச்சென்ற இளம்பச்சைக் கிண்ணம், 234 கிராம் எடை. போடுவதற்குப் பயிற்சியே தேவையில்லை, சூப்பர்வைசர் தூரத்திலிருந்தே யார் போட்டிருக்கிறார் என்று பார்த்துவிடலாம், அடிக்கடி கழற்றி மாட்டுவதற்கும் இதுதான் லகு. அரை மணிக்கு ஒரு தடவை கட்டர் கூடத்துக்குள் போய்வரும் மேஸ்திரி, கம்ப்ரஸர் அறைக்குள் நுழையும் எலக்ட்ரீஷியன் போன்றவர்களுக்கு வேறு எதையும் யோசிக்க வேண்டாம்.

கல்லில் நின்று எட்டு மணி நேரம் பாலிஷ் போடுபவருக்கு இது சரிவராது. மஃப் வேலை செய்வது காதைச் சுற்றிய மெத்தை தோலோடு ஒட்டும்வரைதான். சிலிக்கா தூசிக்காகப் போடும் மாஸ்கின் வார்கள் காதுக்கு மேலும் கீழும் போகின்றன. தெறிக்கும் சில்லுக்காகப் போடும் கண்ணாடியின் காம்பு காதின் மேல் உட்காருகிறது. வெயிலுக்கும் தூசிக்கும் கட்டிய துண்டு இவை எல்லாவற்றுக்கும் மேல். மெத்தைக்கு அடியில் இவ்வளவும் இருந்தால் எங்கெங்கோ இடைவெளி விழும். தாழ்ந்த சுருதிச் சத்தம் அந்த வழியாகத்தான் முதலில் புகும். துண்டுக்கு மேல் மஃப் மாட்டுவது இங்கே சர்வசாதாரணம். அதில் பாதுகாப்பு பெரும்பகுதி போய்விடுகிறது. மஃபை முதலில் மாட்டி, துண்டை அதற்கு மேல் கட்டுவதே முறை. ஹெல்மெட் கட்டாயமான குவாரியில் இதே வரிசையில் ஹெல்மெட்டில் மாட்டும் மாடல் இருக்கிறது. ஜிமிக்கி, பெரிய தோடு போட்டிருக்கும் பெண்களுக்கும் மெத்தை சரியாக ஒட்டாது, அழுத்தி வலிக்கும்.

வெயில் விஷயம் சொல்ல வேண்டியதில்லை. தகரக் கூரைக்குக் கீழே ஏப்ரல், மே மதியத்தில் கிண்ணத்துக்குள் வியர்வை தேங்கும், மெத்தை நசநசக்கும். மெத்தையையும் உள்ளே இருக்கும் நுரையையும் ஆறு மாதத்துக்கு ஒரு தடவையாவது மாற்ற வேண்டும். நம் தூசியில், வியர்வையில் அதற்கு முன்பே விறைத்துவிடும். உதிரி மெத்தைக்கு ஆர்டர் போடாமல் மஃப் மட்டும் வாங்குபவர்கள் அடுத்த வருடம் வெறும் பிளாஸ்டிக் கிண்ணத்தைத்தான் மாட்டிக்கொண்டிருப்பார்கள். தலைவளையத்தை இழுத்து அகட்டி ‘லூஸ்’ பண்ணிக்கொள்பவர்கள் உண்டு. ஆணியில் மாட்டி வைத்ததும், தூணில் மாட்டி விரித்து வைத்ததும் இதே கதிதான்.

குவாரி ஜாக்ஹேமருக்கு மூன்றில் எதுவும் தனியாகப் போதாது. பிளக்கும் போட்டு, மேலே மஃபும் மாட்ட வேண்டும். இரண்டின் எண்ணையும் கூட்டிவிடக் கூடாது. பெரிய எண்ணோடு 5 டெசிபல் சேர்ப்பதுதான் கணக்கு. எலும்பு வழியாகவும் சத்தம் உள்ளே போகிறது, அதை எந்த அடைப்பும் தடுக்காது. துளை போடுவதைக் குறைத்து வைரக் கம்பி ரம்பத்தில் பிளாக் அறுக்கும் குவாரிகளில் இந்தத் தொல்லையே பாதியாகிறது. கட்டரிலும் நடுவே அடுக்கு வைத்த சைலண்ட் பிளேடு கிடைக்கிறது. விலை கூடுதல், ஆனால் ஒரு பிளேடு மாறினால் அந்தக் கூடத்தில் நிற்கும் எல்லோருக்கும் சத்தம் குறைகிறது.

கொடுத்தும் ஏன் போடுவதில்லை

காது கேட்க வேண்டியிருக்கிறது, அதுதான் பெரிய காரணம். அனுபவப்பட்ட பாலிஷ்காரர் பேட் தேய்ந்துவிட்டதை, பிளேடு சூடேறுவதைச் சத்தத்தை வைத்துத்தான் கண்டுபிடிக்கிறார். லோடர் பின்னால் வரும் ஹாரன், கேன்ட்ரி கிரேன்காரரின் கூப்பாடு கேட்காவிட்டால் உயிருக்கே ஆபத்து. அவர் கழற்றுவது அலட்சியத்தால் என்று சொல்லிவிட முடியாது. இதனால்தான் எண் பெரிதாக இருப்பதையெல்லாம் வாங்கக் கூடாது. பாதியாக்கும் கணக்கு சரியாகப் பொருந்தாத காதுக்கு; நன்றாகப் பொருந்திய காதுக்குள் 75 முதல் 80 டெசிபல் வரை விடுவதே நல்ல இலக்கு. 70க்குக் கீழே இறக்கினால் ஆள் தனித்து விடப்பட்டதாக உணர்வார், கழற்றிவிடுவார். 95 டெசிபல் கூடத்துக்கு, பெல்டார் மஃப் வரிசையில் எஸ்என்ஆர் 37 உள்ள எக்ஸ்5ஏ வாங்குவது வீண். அதற்குப் பதில் அதே வரிசையின் சின்ன மாடல்களான எக்ஸ்1 அல்லது எக்ஸ்2 சரியாகப் பொருந்தினால் போதும், எடையும் குறையும். லோடருக்கும் கிரேனுக்கும் சுழல் விளக்கு மாட்டிவிட்டால் ஹாரனை நம்பியிருக்க வேண்டாம்.

சதுர அடிக் கூலி இன்னொன்று. நுரையை உருட்டி அரை நிமிடம் தாங்கி நிற்பதெல்லாம் அவருக்கு நஷ்ட நேரம். பிளக் ஆஃபீஸில் இருந்தால் அதை வாங்கப் போய்வருவதும் நஷ்டம். பெட்டியை மெஷினுக்குப் பக்கத்துத் தூணில், கை கழுவும் குழாய்க்கு அருகே வைத்தாலே பயன்பாடு கூடும், செலவில்லாத மாற்றம்.

சூப்பர்வைசர் வெறும் காதோடு நடந்தால் மற்றவர்கள் போட மாட்டார்கள். முதலாளி கூடத்துக்குள் வரும்போது மஃப் மாட்டிக்கொண்டு வந்தால் ஒரு போஸ்டரும் தேவையில்லை. ஒடிசா, பீகார், ஜார்க்கண்டிலிருந்து வந்த தொழிலாளர்களிடம் தமிழ் நோட்டீஸைக் காட்டிப் பயனில்லை. அவர்கள் மொழி பேசும் மூத்த ஆள் ஒருவரை வைத்து, காது மடலை எப்படி இழுப்பது என்று நேரில் காட்டவைக்க வேண்டும்.

காது போவது வலிக்காது. முதலில் 4000 ஹெர்ட்ஸ் பக்கம் குறையும். பேச்சு கேட்கும், ‘ச’, ‘ஸ’ போன்றவை குழம்பும். ஷிப்ட் முடிந்து வீட்டுக்குப் போனால் காதுக்குள் ரீங்காரம், டிவி வால்யூம் கூடுதல், காலையில் சரியாகிவிட்டதாகத் தோன்றும். ‘பழகிப்போச்சு’ என்று இங்கே சொல்வது பெரும்பாலும் கேட்கும் திறன் குறைந்ததைத்தான். இதைக் காட்டுவதற்கு, கேட்கும் திறனை அளந்து கோடாகப் போட்டுக் காட்டும் ஆடியோகிராம் தாள்போல் வேறில்லை. வருடம் ஒரு தடவை, 14 மணி நேரமாவது சத்தத்திலிருந்து விலகிய பிறகு, வாரத் தொடக்கத்தில் ஷிப்டுக்கு முன் எடுங்கள். 2000, 3000, 4000 ஹெர்ட்ஸ் மூன்றின் சராசரி முதல் தடவை எடுத்ததைவிட 10 டெசிபல் கீழே போயிருந்தால் அவருடைய பிளக்கையும் அதை அவர் போடும் முறையையும் அன்றே சரிபார்க்க வேண்டும். தன் காதின் கோடு தாளில் சரிந்திருப்பதைப் பார்த்தவர் பிளக்கைக் கழற்றத் தயங்குவார். சத்தத்தால் வரும் காதுக் குறைபாடு சட்டப்படி அறிவிக்க வேண்டிய நோய்ப் பட்டியலில் இருப்பது. இழப்பீட்டுச் சட்ட அட்டவணையிலும் உண்டு. அதற்கும் இந்தத் தாள்தான் ஆதாரம்.

பஞ்சு வைப்பது, போன் இயர்போன் மாட்டுவது இரண்டும் பாதுகாப்பில் சேராது. இயர்போனில் பாட்டைச் சத்தத்துக்கு மேல் ஏற்றிக் கேட்பவர் இரட்டை நஷ்டம் அடைகிறார். காதில் சீழ் வடிபவருக்கும், சவ்வு ஓட்டை உள்ளவருக்கும் பிளக் கூடவே கூடாது. காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பார்க்கும்வரை மஃப்தான்.

கிரானைட்டுக்கு வெளியே ஒரு வார்த்தை. மாங்கூழ் ஆலைகளில் சீசன் ஆட்கள்தான் அதிகம், பயிற்சிக்கு நேரமிருக்காது, பிளக் கூழில் விழுந்தால் சரக்கே போச்சு. அங்கே உலோகத் துகள் கலந்த, டிடெக்டரில் சிக்கும் நீல நிறக் கயிற்றுப் பிளக் மட்டுமே வாங்க வேண்டும். தர்மபுரி பக்கத்து அரிசி ஆலைகளில் உமித் தூசி இருந்தாலும் கையில் சேறு இருக்காது, நுரையே போதும்.

வாங்கும்போது பொட்டலத்தில் ஐஎஸ் 9167, இஎன் 352 அல்லது அன்சி எஸ்3.19 என்று ஏதாவது ஒரு தரக்குறி இருக்க வேண்டும். எந்தக் குறியும் இல்லாமல் எண் மட்டும் போட்டது வேண்டாம். 20 பேர் வேலை செய்யும் பாலிஷ் பட்டறைக்கு எங்கள் பட்டியல் இது: அல்ட்ராஃபிட் 40 ஜோடி, ஆளுக்கு ஒன்று காதில், ஒன்று மாற்றுக்கு. அது உட்காராதவர்களுக்கும் மேஸ்திரிகளுக்கும் மஃப் 6, கூடவே உதிரி மெத்தை 6 செட். வந்துபோகும் லாரிக்காரர்களுக்கும் பார்ட்டிகளுக்கும் வாசலில் நுரை ஒரு பெட்டி. முதல் ஆர்டரை முழுதாகப் போடாமல் ஐந்து ஜோடி அல்ட்ராஃபிட் மட்டும் வாங்கி, ஒரு வாரம் ஓடவிட்டு, எத்தனை பேருக்கு உள்ளங்கைச் சோதனை தேறுகிறது என்று பார்த்துவிட்டு மீதியைச் சொல்லுங்கள்.